சந்தேகப்படச் சொன்ன மாஸ்டர்

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் ஒன்று கைக்கு வந்தால் குணரத்தினம் மாஸ்டர் அதை வாசிக்க முன்னர் முகர்ந்து பார்ப்பார். குழம்பு மணந்தால் தாய் நிரப்பியது. சுருட்டு மணந்தால் தகப்பன் நிரப்பியது. "பிள்ளை தானா நிரப்பின ஃபோமில ஒரு மணமும் இராது," என்பார். இந்தச் சாத்திரத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருகோணமலையில் பதினாறு வருடம் மாணவர் வழிகாட்டல் ஆசிரியராக இருந்து தானே கண்டுபிடித்ததாம்.

லிங்கநகர் ஒழுங்கையால் அவர் சைக்கிளில் வந்தால், உயர்தரம் எழுதிய பிள்ளைகள் மதிலுக்குப் பின்னால் குந்திக்கொள்வார்கள். கண்டால் மறிப்பார், மறித்தால் இலக்கம் கேட்பார். அனுமதிக் கையேட்டில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஓர் இலக்கம் உண்டு. மருத்துவம் ஒன்று, மிருக வைத்தியம் மூன்று. மாஸ்டருக்கு மனிதர்களின் பெயர் மறந்துவிடும், இலக்கம் மறக்காது. துறைமுகப் பக்கம் ஒருநாள் குண்டு வெடித்தபோது பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் மேசைக்கடியில் புகுந்தார். புகுந்த இடத்தில் பக்கத்திலிருந்தவனிடம், "சரி, ரெண்டாவது விருப்பம் என்ன?" என்று கேட்டார்.

இப்படிப்பட்டவர்கள் மாவட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். அவர்களுக்கொரு வட்டம் உண்டு. கல்வி அலுவலகத்தின் களஞ்சிய அறையில், கால் முறிந்த கதிரைகளுக்கு நடுவில் சனிக்கிழமைகளில் கூடி, பல்கலைக்கழகம் புக அந்த வருட வெட்டுப்புள்ளி எவ்வளவு வருமென்று குரல் உயர்த்திச் சண்டை பிடிப்பார்கள். படிவங்கள் கொழும்புக்குப் போக முன்னர் ஒருவர் கட்டை மற்றவர் வாங்கிப் பிழை பார்ப்பது அவர்களுடைய வழக்கம். தன் பிள்ளையின் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பது வட்டத்தின் கொள்கை.

தொண்ணூற்றேழில், கிண்ணியாவில் படிப்பிக்கும் அபூதாஹிர் மாஸ்டரின் கட்டு குணரத்தினத்திடம் வந்தது. அதில் றஹ்மா என்ற பிள்ளையின் படிவம். மருத்துவத்துக்குத் தாராளமாகக் காணும் புள்ளி. ஆனால் முதல் விருப்பத்தில் மூன்றும் இரண்டாவதில் ஒன்றும் எழுதியிருந்தது. முகர்ந்தார். பால் மணந்தது.

மாஸ்டருக்கு நெஞ்சு கொதித்துவிட்டது. தகப்பன் எருமைப்பட்டிக்காரன் என்று படிவத்திலேயே இருந்தது, தன் பட்டிக்கு வைத்தியம் பார்க்க மகளின் தலையில் கை வைத்துவிட்டான். எழுத்தை மறைக்கிற வெள்ளை மைப் போத்தலைத் திறந்தார், இரண்டு இலக்கத்தையும் இடம் மாற்றினார், ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய திருப்தியில் சாப்பிடப் போனார்.

வியாழக்கிழமை காலை றஹ்மாவே அவரைத் தேடிப் பாடசாலைக்கு வந்தாள். தன் படிவம் இவரிடம் இருப்பதாக அபூதாஹிர் மாஸ்டர் சொல்லியிருந்தார், அது கொழும்புக்குப் போய்விட்டதா என்று கேட்கத்தான் வந்தாள்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. ஒரு பிழை இருந்தது. நான் திருத்திப்போட்டன்."

"என்ன பிழை சேர்?"

சொன்னார். அவள் முகம் வெளிறியது.

"நான் பிழையா எழுதல்ல சேர். எனக்கு மாட்டு டொக்டர்தான் வேணும். வாப்பாதான் மத்ததை முதல்ல எழுதச் சொன்னவர். பத்து நாள் சண்டை பிடிச்சுத்தான் அவரைச் சம்மதிக்க வெச்சன்."

"அப்ப ஃபோமில பால் மணந்ததே?"

"நான்தானே சேர் கறக்கிறது."

மாஸ்டர் கதிரையில் இருந்துவிட்டார். முதலில் எழுதியது கிடைத்துவிட்டால் அதுதான். பிறகு மாற்ற ஏலாது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. படிவக் கட்டு அரக்கு முத்திரையோடு அலுவலகப் பியோன் சின்னராசாவின் மடியில், கொழும்பு பஸ்ஸில் ஏறியிருந்தது. ஆனால் ஊர் எல்லைச் சோதனைச் சாவடியில் அந்த பஸ் இரண்டு மணித்தியாலமாவது நிற்கும். யுத்தத்தால் தனக்கு நடந்த ஒரேயொரு நன்மை அதுதான் என்று மாஸ்டர் பிறகு சொல்வதுண்டு.

றஹ்மாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் போய்ச் சேர்ந்தபோது பிரயாணிகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். சின்னராசா கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"முத்திரையோட பாரமெடுத்தனான் மாஸ்டர். முத்திரையோடதான் குடுப்பன். உடைக்கிறதெண்டால் ஆமிக்காரன்தான் உடைக்கலாம். அவங்களை ஆர் கேக்கிறது?"

எரிச்சல் வந்தாலும் அவன் சொன்னது சட்டப்படி சரி. மாஸ்டர் நேரே சிப்பாயிடம் போனார்.

"தம்பி, அந்தப் பார்சலை ஒருக்கா சந்தேகப்படுங்கோ."

தமிழ் கொஞ்சம் தெரிந்த சிப்பாய் சின்னராசாவைப் பார்த்தான், பார்சலைப் பார்த்தான், மாஸ்டரையும் மேலும் கீழும் பார்த்தான். "சந்தேகம் இல்ல மாத்தயா. போங்க."

"வடிவாப் பாருங்கோ. பெரிய பார்சல்."

"கவர்மன்ற் சீல் இருக்கு. சந்தேகம் இல்ல."

வரிசையில் நின்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று சேர்ட் பொத்தானைக்கூடக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நிற்கிற சனத்துக்கு நடுவில், இந்த மனிதர் அதைக் கேட்டு வாங்க நிற்கிறார். மாஸ்டர் கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"உள்ளுக்க நாற்பத்தொரு பேரின்ர பேர் இருக்கு. ரகசியம் ஒண்டுமில்லை, ஆனால் ஆளுக்கொரு இலக்கம் இருக்கு. எல்லாரும் கொழும்புப் பக்கம் போகவேணுமெண்டு எழுதியிருக்கு. நாளைக்குத்தான் கடைசி நாள்."

விசில் ஊதியது. மூன்று துவக்குகள் வந்தன. மாஸ்டர் கையை உயர்த்தினார். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது, நல்ல பயம். இந்த மாதிரி வரிசைகளிலிருந்து விலக்கி நிறுத்தப்பட்டு வீடு திரும்பாதவர்களில் இரண்டு பேருக்கு அவரே படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆனாலும் சிப்பாய் முத்திரையை உடைக்க, சின்னராசாவின் காலடியில் அரக்கு பொடிப்பொடியாக உதிர்வதைக் கண்டு மனதுக்குள் ஒரு நிம்மதி.

கோப்ரல் ஒரு படிவத்தை உருவி வெகுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொல்லித் துவக்குகளைத் தாழ்த்தச் சொன்னார். அவருடைய தங்கையும் போன வாரம் இதே படிவத்தை நிரப்பினாளாம். "பத்து நிமிஷம்," என்று சிப்பாய் மொழிபெயர்த்தான். சின்னராசா பியோன் புத்தகத்தில் 'முத்திரை இராணுவத்தால் உடைக்கப்பட்டது' என்று எழுதி நேரமும் போட்டான்.

றஹ்மாவின் படிவம் கைக்கு வந்தது. வெள்ளை மை காய்ந்து தடித்திருந்தது. அதன் மேல் எழுதி, பக்கத்தில் அவளே கையொப்பம் வைக்கவேண்டும். வைத்து எழுதத்தான் இடமில்லை. சாவடி மேசை நிறையப் பிரித்துப் போட்ட பொதிகள். மண்மூட்டையில் கை வைக்கக் கூடாதென்று உத்தரவு. பஸ்காரன் கோர்னை அமத்தினான்.

"இன்னும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ பிள்ளை. இருநூற்றெண்பத்தாறு புள்ளி," என்றார் மாஸ்டர். குரல் கெஞ்சியது.

"யோசிச்சுத்தான் சேர் எழுதினன்."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த பேனையை அவளிடம் நீட்டினார். பிறகு திரும்பி நின்று, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, றோட்டைப் பார்த்தபடி குனிந்து, எழுத முதுகைக் கொடுத்தார்.