தப்பும் என்னுடையது, கட்டுரையும் என்னுடையது

என் அக்கா இருபத்திரண்டு வருடமாக மென்பொருள் எழுதுகிறாள். அது என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். அக்காவின் கணவர் பல் மருத்துவர். "நான் ஒண்ணைப் பிடுங்கினா ஒருத்தர்தான் கத்துவார். இவ பிடுங்கினா ஊரே கத்தும்" என்பார் மாமா.

வார நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் அவள் நீச்சல் குளத்தில் இருப்பாள். "தொப்பையைக் குறைக்கவா?" என்று சீண்டினால், "தண்ணிக்குள்ள போன் அடிக்காதுடி" என்பாள். ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துத் தன் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுவாள். எது எப்படிப் பழுதானது, எப்படிச் சரிசெய்தாள் என்பதுதான் விஷயம். பெருமை பீற்றல் ஒரு வரிகூட இருக்காது.

அதில் ஒன்றுதான் வம்பை இழுத்துவந்தது. அவள் கணினித் திரையில் கட்டளை தட்டும் இரண்டு கறுப்புச் சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று சோதனைக்கு, மற்றது வாடிக்கையாளர்களின் நிஜ விவரங்கள் இருப்பது. சோதனை என்று நினைத்து நிஜத்தில் அழித்துவிட்டாள். நாற்பதாயிரம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் போயின. பிரதி இருந்ததால் ஐந்து மணி நேரத்தில் மீட்டாள். பிறகு நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், 'நான்தான் அழித்தேன்' என்று எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டாள்.

மேலாளர் கூப்பிட்டார். பதினோரு வருடமாக அவள் காத்திருந்த தலைமைப் பொறியாளர் பதவி அந்த வாரம்தான் முடிவாக இருந்தது.

"கட்டுரை இருக்கட்டும் மேடம். 'நான்'கிற இடத்துல 'ஒரு ஊழியர்'னு மாத்திடுங்க. தலைமைக்குத் தப்பு பண்ணாத ஆள் வேணும்னு மேலிடத்துல சொல்றாங்க."

"எங்க டீம்ல நாலு பேர். மூணு பேர் புதுசு. 'ஒரு ஊழியர்'னு போட்டா யாரைச் சந்தேகப்படுவாங்க சார்? என்னையா?"

"அதெல்லாம் சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தைதானேக்கா, மாத்தித் தொலையேன்! பிழைக்கத் தெரியாத ஆளா இருக்கியே!" என்று கத்தினேன்.

"உன் தப்பை எழுதும்போது நீ மாத்திக்கோ" என்றாள்.

பதவி வேறொருவருக்குப் போனது. அன்று குளத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "ஆசையா இருந்துச்சுடி. ரொம்ப ஆசையா இருந்துச்சு." திட்டியதற்காக என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிறன்று அவள் மறுபடி மேசையில் உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தேன். 'எனக்குத் தலைமைப் பதவி கிடைக்காமல் போனது எப்படி' என்று தலைப்பு.

"இருக்கிற வேலையும் போயிடும்க்கா!"

"போனா அதையும் எழுதுறேன்."

முதல் வரியைத் தட்டினாள்: 'ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை.'