தாளிக்காத லீக்ஸ்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இரும்புலியூரில் கணவர் வீட்டாருக்கெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வெங்காயத்தாள் போலவே, ஆனால் பருத்திருக்கும் லீக்ஸ் தண்டுகளை மண் போகக் கழுவி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வினிகரும் எண்ணெயும் அரைத்த கடுகும் கலந்து மேலே ஊற்றி வைத்திருந்தேன். என் கணவரின் அக்கா வந்ததும் வராததுமாக அடுப்பில் தாளிப்புக் கரண்டியை வைத்தார்.

"என்னம்மா, வெங்காயத்தாள வேகவச்சு அப்படியே விட்டுட்ட? கறிவேப்பிலை போட்டு, தேங்கா தூவி பொரியல் பண்ணிடறேன்."

"அது பொரியல் இல்லக்கா. அடுப்ப அணைங்க."

"இத யாரு சாப்புடுவா?"

"நான்."

இருபது வருடமாக அந்தக் குடும்பத்துக்குப் பிடித்ததைத்தான் சமைத்தேன். அன்று எனக்குப் பிடித்ததைச் சமைத்தேன். யாரும் தொடவில்லை. அக்காவின் எதிரிலேயே உட்கார்ந்து ஆறு தண்டையும் தின்றேன். நன்றாகவே இருந்தது. அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.