கனடாக்காரருக்குச் சொன்ன பதில்

எங்கள் ஊருக்கு இன்டர்நெட் வந்த கிழமை எனக்குச் சோறே இறங்கவில்லை. குருக்கள்மடத்தில், பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் கூடுவதற்கென்று ஒரு மண்டபம் இருந்தது. அதற்கு யாரோ நான்கு கொம்பியூட்டர்களைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றுக்குத்தான் டெலிபோன் வயர். அது கீச்சென்று கத்தி, இரைந்து, அடங்கும்வரை பதினைந்து பேர் மூச்சு விடாமல் நிற்போம். எனக்குப் பதினொரு வயது.

மேற்பார்வைக்கு இருந்தவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. களுதாவளையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். தெரியாத ஆட்களோடு பேசக்கூடாது. எதைத் திறந்தாலும் அவர் கண்முன்னே திறக்க வேண்டும். இதையே சொல்லிச் சொல்லி எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார். சொந்தக்காரி என்பதால் எனக்கு ஏதும் சலுகை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது கூடுதலாக இரண்டு கண்கள்தான்.

இயக்கக்காரர் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தரவேண்டும் என்று கேட்டு வந்து, தராவிட்டால் வழியில் மறித்துக் கொண்டுபோன காலம் அது. அண்ணாவுக்குப் பதினாறு. அம்மா அவரைச் சின்னம்மா வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். இன்னும் மூன்று கிழமையில் வரும் சோதினையை எப்படியாவது எழுத வைத்துவிட வேண்டும் என்பதே அம்மாவின் ஒரே நினைப்பு. யார் கேட்டாலும் அண்ணா கொழும்பில் என்று சொல்ல வேண்டும். நானும் கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

அன்று என் முறை வந்தபோது, பக்கத்துக் கொம்பியூட்டரில் ஒரு சின்னவன் ஒரே வாய்க்குள் இரண்டு ஃப்ளொப்பியைத் திணித்துவிட்டான். சின்னம்மா அதை இழுத்தெடுக்கக் குனிந்தார். இதுதான் சமயம் என்று, பெரிய அக்காமார் ரகசியமாகப் பேசிக்கொண்ட அரட்டைப் பக்கத்தைத் திறந்தேன். ஆங்கில எழுத்தைத் தேடித் தேடி வணக்கம் என்று அடித்தேன். பதில் வணக்கம் வந்தது. கனடாவாம். களப்பைத் தாண்டி அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்கே போகாதவள் நான், கனடாவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

யாருடைய பிள்ளை என்று அடுத்ததாகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். தாய் யார், எந்தக் குடி, கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எல்லாம் சொன்னால்தான் மரியாதை. நான் மரியாதை தெரிந்த பிள்ளை. ஒற்றை விரலால் எல்லாவற்றையும் குத்தினேன். அண்ணா எங்கே படிக்கிறார் என்று கேட்டார். ஊருக்குள் சொல்கிற பொய்யைக் கனடாவரைக்கும் கொண்டுபோவது எனக்கு அநியாயமாகப் பட்டது. கொழும்பு என்பது சும்மா, களுதாவளையில் சின்னம்மா வீட்டில் இருக்கிறார் என்று அடித்து அனுப்பினேன்.

அடுத்த பதிலுக்காகக் கதிரை நுனியில் இருந்தேன். என் தோளுக்கு மேலால் ஒரு கை வந்து வயரைப் பிடுங்கியது.

"இவ்வளவத்தையும் அனுப்பிட்டியா மனே?"

"ஓம் சின்னம்மா. அவர் கனடாவாம்."

அடி விழும் என்று தோளைச் சுருக்கினேன். விழவில்லை. "ஆருக்கும் ஒண்டும் சொல்லாத. வீட்ட போ" என்றார். எல்லாரையும் அனுப்பி, மண்டபத்தைப் பூட்டி, ரோட்டில் வந்த முதல் வேனை மறித்து ஏறிப்போனார். என் பதினைந்து நிமிடத்தில் இன்னும் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. ஆத்திரத்தில் வழியெல்லாம் அழுதேன்.

அண்ணா அன்று பின்னேரமே ஒரு மீன் லொறியில் உண்மையாகவே கொழும்புக்குப் போனார். சோதினை எழுதவில்லை. அந்தக் கனடாக்காரர், ஊர்க்கதை கேட்க ஏங்கிய ஒரு நல்ல மனிதராகவும் இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேர் வளவுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது, அதனால்தான் அனுப்பினேன் என்றார். கனடாக் கதையை அவர் எடுக்கவே இல்லை.

"மாதிரியா? ஒரு மாதிரிக்காக என்ட புள்ளட சோதினையக் கெடுத்துப்போட்டியே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஏசினார். பயந்தாங்கொள்ளி, பிள்ளை பெறாதவள் என்றுகூடச் சொன்னார். எல்லா ஏச்சையும் சின்னம்மா தானே வாங்கிக்கொண்டார்.

நான் குசினி வாசலில் நின்று ரசித்தேன். என் இன்டர்நெட்டைப் பிடுங்கியவருக்கு நன்றாக வேண்டும் என்றிருந்தது. சின்னம்மா ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினார். இனி எனக்குக் கொம்பியூட்டர் கிடையாது என்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அம்மா அவரோடு இரண்டு வருடம் பேசவில்லை. அந்த இரண்டு வருடமும் நான் அம்மாவின் பக்கம்தான் நின்றேன்.