பாதியில் இறுகிய நட்டு

ஒட்டுசுட்டானில் தனியாகக் கச்சான் கடலை பயிர் செய்யும் லட்சுமி அக்காவின் கிணற்றுக்குத் தண்ணீர்ப் பம்பி பூட்டப் போயிருந்தேன். துருப்பிடிக்காத போல்ட்டுகளை அவரே வவுனியாவில் வாங்கி வைத்திருந்தார்.

“தம்பி, கொஞ்சம் கிரீஸ் பூசிக் கையாலை பூட்டுங்கோவன்” என்றார்.

“கறள் பிடிக்காத சாமானுக்கு கிரீஸ் எதுக்கு அக்கா?” என்று சிரித்தேன். நெடுங்கேணியில் இன்னொரு வேலை காத்திருந்தது. கரண்டில் ஓடும் ஸ்பானரால் வேகமாக முடுக்கினேன். போல்ட்டிலும் நட்டிலும் இருந்த மரைகள் சூடேறி ஒட்டிக்கொண்டன. பாதியில் இறுகிய நட்டு முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன், போல்ட் முறிந்தது.

“கடைக்காரன் உங்களை ஏமாத்திப்போட்டான் அக்கா” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் அவர் வவுனியாக் கடைக்கு பஸ் ஏறிப் போனார். நான் முறிந்ததை வெட்டி எடுத்துவிட்டு, அவர் முதலில் வாங்கியதில் மிஞ்சிய போல்ட் ஒன்றில் கிரீஸ் பூசிக் கையால் திருகிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. அப்போதே அவருக்கு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

கடையில் சண்டை பிடித்து, புதிய போல்ட்டுகளோடு பின்னேரம்தான் திரும்பினார். தண்ணீரில்லாத கச்சான் தலை சாய்ந்திருந்தது. அவர் பார்க்காத நேரத்தில் கிரீஸ் பூசிப் பூட்டினேன்.

“பாத்தீங்களோ தம்பி, நல்ல சாமான் எண்டால் லேசாப் பூட்டுது!”

“ஓம் அக்கா” என்றேன்.

அந்தக் கடைக்கு அவர் இப்போதும் போவதில்லையாம். என்னைத்தான் நல்ல வேலைக்காரன் என்று ஊரெல்லாம் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.