நான் மறைத்த அம்மைக் கொப்புளம்

முருகனை நம்புகிற மக்களே, போன ஆடி மாதம் நான் சிறையில் இருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. அரக்கோணம் ரயிலில் காலேஜ் பசங்களுக்குள் எந்த ரூட்டு பெரிசு என்று ரூட்டு சண்டை. கெத்து காட்டப் போய் ரிமாண்டில் மாட்டினேன்.

பக்கத்து பிளாக்கில் அம்மை பரவியிருந்தது. தினமும் காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி, யாருக்காவது கொப்புளம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் தனி அறை. மனுவும் கட். மனு என்றால் வீட்டார் வந்து பார்ப்பது. திங்கட்கிழமை என் அம்மா கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ் மாறி வருவதாக இருந்தார். ஞாயிறன்று என் நெஞ்சில் நாலு கொப்புளம். சிறைக்குள் இருந்த கோயில் விபூதியைக் குழைத்து உடம்பெங்கும் பட்டை போட்டு மறைத்தேன்.

"இன்னாடா காலேஜு, கிருத்திகைக்குக் காவடி தூக்கப் போறியா?" என்று சிரித்தார் நைனா. பள்ளிப்பட்டு நெசவாளி, சர்க்கரை நோயாளி. பக்கத்துப் பாயில் படுப்பவர்.

"ஆங் நைனா, வேண்டுதல்."

சாமி பேரில் பொய்.

அம்மாவைப் பார்த்தேன். கொப்புளம் காய்ந்தது. இரண்டு வாரத்தில் நைனாவுக்கு உடம்பெல்லாம் அம்மை. அப்புறம் மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "பொழைக்கறது கஷ்டம்பா" என்றார் வார்டர். நோய் எங்கள் அறைக்குள் எப்படி வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குத் தெரியும்.

காலிப் பாயைப் பார்த்து அழுதேன். "முருகா, எனக்கு ஜாமீனே வேணாம். நைனாவுக்கு மூச்சு குடு." அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவன் பேரில் ஏமாற்றிவிட்டு அவனிடமே கையேந்துகிறேன். மறுநாள் காலை வரிசையில் கத்தினேன்.

"சார், இந்த ரூம்ல மொதல்ல எனக்குதான் வந்துச்சு. மறைச்சுட்டேன்."

வார்டர் என்னை முறைத்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார். "இன்னும் எவன்டா மறைச்சுகினு இருக்கான்?"

மூன்று பேர் சட்டையைத் தூக்கினார்கள். அன்றே அவர்களைத் தனியே பிரித்தார்கள். கொஞ்ச நாளில் பரவல் நின்றது.

பல நாள் கழித்து நைனா உயிரோடு திரும்பினார். காலில் விழுந்து உண்மையைச் சொன்னேன்.

"என் மூஞ்சிலயே முழிக்காத, போ."

நான் கேட்டது மூச்சு. முருகன் கொடுத்தான். மன்னிப்பை அவனிடம் நான் கேட்கவே இல்லை.

இப்போது இருவரும் வெளியே இருக்கிறோம். ரூட்டு, கெத்து எல்லாம் விட்டுவிட்டேன். நைனாவால் தறியில் உட்கார முடியவில்லை. நீங்களும் அவனிடம் கேளுங்கள், தருவான். ஆனால் மறைத்ததை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கிருத்திகைதோறும் மலையேறிவிட்டுப் பள்ளிப்பட்டு போகிறேன். மாத்திரையை அவர் மகளிடம் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புகிறேன். உள்ளே அவர் இருமுவது கேட்கிறது. மூச்சு இருக்கிறது. நன்றி, முருகா.