முட்டை காலேஜ்

இன்று ஒரகடத்தில் எங்கள் கம்பெனிச் சாக்கடை அடைத்துக்கொண்டு அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அசெம்பிளி லைனில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு முட்டை காலேஜ் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த அரசு அறிவியல் கல்லூரிக்கு ஊர் வைத்த பெயர் அது. ஆசிட் தின்ற மேஜைகளும் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாயும் உள்ள அதன் கெமிஸ்ட்ரி லேபில் மத்தியானம் பிராக்டிகல் ஆரம்பித்தால், அழுகின முட்டை நாற்றமடிக்கும் வாயு கண்ணாடி போன ஜன்னல் வழியே கிளம்பி எங்கள் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து உட்காரும்.

"ஆரம்பிச்சுட்டானுங்க. சோறு துன்ன வுடுறானுங்களா?" என்பாள் அம்மா.

"நானும் அங்க படிச்சு நாத்தம் வுடப் போறேம்மா."

"நீ இப்பவே அப்டித்தான்டி கீற. போய்க் குளி."

ஒரு வருஷம் நாற்றம் நின்றது. முட்டை காலேஜ் திருந்திவிட்டது என்று தெருவே சந்தோஷப்பட்டது. கெமிஸ்ட்ரிக்கு வாத்தியார் போடாமல் லேபைப் பூட்டிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் பிளஸ் டூ முடிப்பதற்குள் கல்லூரியையே மூடி இடித்துவிட்டார்கள். தூரத்துக் காலேஜுக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை.

இன்று சூப்பர்வைசர் ஒரு போன் போட்டதும் நாற்றத்தை நிறுத்த ஆள் வந்துவிட்டது. அன்று அந்த லேபுக்கு ஒரு வாத்தியார் வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. நான் கையுறையை மாட்டிக்கொண்டு லைனுக்குத் திரும்பினேன்.