அண்ணி படித்துக் காட்டிய கடைசிப் பக்கம்

பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் தகரப் பெட்டியுமாக ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அந்த நாவலின் அட்டை அது. மூன்றாம் வகுப்போடு என்னை மாடு மேய்க்க நிறுத்திவிட்டார்கள். அப்போதெல்லாம் பஸ் போர்டைக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் படத்தைப் படிக்க எழுத்து எதற்கு? அவள் எங்கோ போகிறாள் என்பது எனக்குப் பார்த்ததும் புரிந்தது.

அதைப் படித்துக் காட்டியவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. எட்டாவது வரை படித்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழப் பிடிக்காமல் செஞ்சிக்கே திரும்பித் தம்பி வீட்டில் இருந்தாள். கடைத்தெருவில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடை ஒன்று அப்போது இருந்தது. மத்தியானங்களில் தெருப் பெண்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து விதைக்கான வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உரிப்போம். அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு படிப்பாள். துப்பறியும் கதை, பேய்க்கதை, ராஜா கதை, குடும்பக் கதை, எல்லாம் வரும். ராஜா கதை எனக்கு ஆகாது. நாள் முழுதும் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் நாங்கள். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் சுமந்தவள் யார், நெல் சுமந்தவள் யார் என்று எந்த ராஜா கதையிலும் ஒரு வரி கிடையாது.

அண்ணி படித்தால் குரலே மாறும். கொலைகாரன் பெயர் வருகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு டீ கேட்பாள்.

"இன்னா அண்ணி இது, செத்தவன் நாறிடுவான். யாரு பண்ணான்னு சொல்லிட்டுக் குடியேன்" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நீதான்டி பண்ண. மல்லாட்டய உரிக்காம தின்றவ வேற இன்னா பண்ணமாட்ட?" என்பாள் அண்ணி. கூடமே சிரிக்கும்.

பச்சைப் புடவைக்காரியின் கதை வந்த வாரம் நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஊதுகுழலால் அடித்ததில் இடது மணிக்கட்டு வீங்கி, ஒரு கையால் உரித்துக்கொண்டிருந்தேன். அது முதல் அடி அல்ல. என் பிறந்த ஊரான சிங்கவரத்திலிருந்து அப்பா சைக்கிளில் வந்தார். நைனா என் கையைப் பார்த்தார். கைக்குழந்தையைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம வண்டி கட்டிக்கினு வரேன், பொறப்பட்டு இரும்மா. ஊர் பேசுனா பேசட்டும். எனக்குத்தான் ஒரு காது மந்தமாச்சே" என்றார். நான் ரெண்டு புடவையையும் பிள்ளைத் துணியையும் மூட்டை கட்டி நெல் குதிருக்குப் பின்னால் வைத்தேன். அண்ணி அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் எதுவும் கேட்கவில்லை.

கதையிலும் அடிக்கிற புருஷன்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிற வரைக்கும் அண்ணி புதன்கிழமை படித்தாள். வியாழக்கிழமை முடிவைப் படித்தாள். போன ஊரில் குழந்தைக்கு ஜுரம் வருகிறது. மருந்துக்கு வழி இல்லை. சத்திரத்து வாசலில், அவள் மடியிலேயே அது குளிர்ந்துபோகிறது. வெறும் கையோடு பிறந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை. அண்ணி அதைப் படித்தபோது பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என் பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். உடம்பு சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அன்றைக்கே மூட்டையைப் பிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நைனா வண்டியோடு வந்து நின்றார். "நான் வரல நைனா" என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அந்தக் கதவு எனக்குத் திறந்துதான் இருந்தது. அடித்த கை, அதற்குத் தெம்பு இருந்தவரைக்கும் அடித்தது. பிறகு அதுவும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் நான் ஒழுங்காகப் படிக்கக் கற்றேன். ரேஷன் கடைப் பலகை, பேப்பரில் பெரிய எழுத்து, அப்புறம் கதை. ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆனாலும் நானே படிக்கிறேன். யாரிடமும் போய் நிற்பதில்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க அண்ணியின் டிரங்குப் பெட்டியை நகர்த்தினேன். உள்ளே பழைய நாவல்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தவை. மேலாக அந்தப் பச்சைப் புடவை அட்டை.

கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்கப் பல நாள் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் ஜுரம் இல்லை. சத்திரம் இல்லை. மூடிய கதவு இல்லை. பஸ் வருகிறது. அவள் ஏறுகிறாள். ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. குழந்தை கையைத் தட்டுகிறது. கதை முடிந்தது.

மற்ற புத்தகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். கொலைகாரன் அதே கொலைகாரன்தான். பேய் அதே புளியமரத்தில்தான் இருந்தது. ராஜா ஜெயித்த போரில் அண்ணி கை வைக்கவில்லை. வாசலைத் தாண்டிய பெண்கள் மேல் மட்டும் கை வைத்திருக்கிறாள். ஒருத்தி நர்ஸ் ஆகியிருந்தாள். அண்ணி எங்களுக்குப் படித்ததில் அவள் கிணற்றில் விழுந்தாள். ஒருத்தி வேறு கல்யாணம் கட்டியிருந்தாள். எங்களுக்கு அவள் பைத்தியமானாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சில் இருந்த முடிவைவிட அண்ணி கட்டிய முடிவுதான் நெஞ்சைப் பிடித்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நான் போயிருந்தால் அந்த வீடு கலைந்திருக்கும், அண்ணிக்கு நிழல் இல்லாமல் போயிருக்கும் என்று என் மருமகள் நியாயம் பேசுகிறாள். எனக்கும் தெரியும். பயந்தவள் என் காலைப் பிடித்துக்கொண்டு "போகாதடி" என்று அழுதிருக்கலாம். நான் இருந்திருந்தாலும் இருந்திருப்பேன். அது என் முடிவாக இருந்திருக்கும். தெரிந்ததால் கோபம் ஆறிவிடுமா?

அண்ணி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். சர்க்கரையில் ரெண்டு கண்ணும் போய்விட்டது. சோறு பிசைந்து கையில் கொடுக்கிறேன். அதில் குறை வைக்கவில்லை. போன மாதம் அந்த நாவலை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"எந்தக் கதைடி?"

"பச்சப் பொடவக்காரி கத."

"அது வேணாம். ராஜா கத எதுனா படி" என்றாள்.

"இத்தினி நாளு நீ படிச்ச, நான் கேட்டேன். இப்ப நான் படிக்கிறேன், நீ கேளு அண்ணி."

தினமும் மத்தியானம் ரெண்டு பக்கம். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள். நேற்றுக் கடைசிப் பக்கம் வந்தது. விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றையும் மாற்றாமல் படித்தேன். பஸ் வந்தது. அவள் ஏறினாள். குழந்தை கையைத் தட்டியது.

"ஒண்ணு உட்டுட்ட" என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்தபடியே. "ஜன்னலோரம் எடம் கெடச்சுதுன்னு ஒரு வரி வரும்."

பார்த்தேன். என் விரல் ஒரு வரி தாண்டியிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் ஓரமெல்லாம் மழுங்கித் துணி மாதிரி ஆகியிருந்தது. எத்தனை தடவை திருப்பியிருக்கிறாள். யாருக்கும் சத்தம் போட்டுப் படித்துக் காட்டாமல், தனக்கு மட்டும்.

நான் அவளை மன்னிக்கவில்லை. விட்ட வரியைத் திரும்பப் படித்தேன், கூடத்துக்கே கேட்கிற மாதிரி. பிறகு புத்தகத்தை மூடினேன். அட்டையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், குழந்தையோடும் பெட்டியோடும். அவள் ஏறிப் போய்விட்டாள் என்று இந்த வீட்டில் ரெண்டு பேருக்குத் தெரியும். ஒருத்திக்கு அன்றைக்கே தெரியும்.